இல்லாத பதினாறு ஏக்கர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தோட்டத்து மாரியம்மன் மேல் ஆணை. முனியாண்டி மேல் ஆணை. அந்த இரண்டு பேரும் போதாது என்கிறவர்களுக்காக ஏழாம் நம்பர் மலை மேலும் ஆணை. அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்கு அரசாங்க முத்திரை குத்திய காகிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கதை முடிந்ததும் காட்டுகிறேன்.

"உம்மட பதினாறு ஏக்கர் வயலை நான் எந்தக் கட்டத்துக்குள்ள எழுதுறது?"

கிராம சேவகர் சிவராசா இப்படிக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தபோது மூக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். தேயிலைச் செடியின் தலையை வெட்டி வெட்டியே கை காய்த்துப் போனவர். அவருக்குச் சொந்தமென்று ஒரு கவ்வாத்துக் கத்தியும், அம்மாக்கண்ணு என்ற மனைவியும், மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கத்தியும் தோட்டத்துடையதுதான் என்று பெரிய கிளாக்கர் சொல்லுவார்.

"எந்த வயலுங்கையா?"

"முசிறிப் பக்கம். காவேரித் தண்ணி. பம்புசெட் போட்ட கிணறு. இருநூறு தென்னை. முந்தின வருஷத்து ஆடிப்பூசையில பக்கத்தில இருந்து சாப்பிடேக்க நீர்தானே சொன்னனீர்?"

மூக்கனுக்கு நினைவு வந்தது. அன்று அன்னதானத்தில் பாயசம் ஊற்றியவர்கள் சிவராசாவின் இலையில் இரண்டு முறை ஊற்றினார்கள். மூக்கனின் இலையைத் தாண்டிப் போனார்கள். அந்த நேரத்தில் பதினாறு ஏக்கரைச் சற்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் பாயசம் திரும்பி வந்தது.

"அது சும்மா சொன்னதுங்க."

"சும்மாவோ? தென்னையை எண்ணியெல்லோ சொன்னனீர்?"

"எண்ணலீங்கையா. குத்துமதிப்பா."

இது தொண்ணூற்றெட்டாம் வருடம். மூக்கனின் மூத்த மகள் நாகலெட்சுமி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். தோட்டத்தின் அந்தப் பிரிவிலிருந்து பேராதனைக்குப் போனவர்கள் அதுவரை இரண்டு வகைதான்: பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள், பூந்தோட்டம் பார்க்கப் போனவர்கள். படிக்கப் போகிற முதல் ஆள் இவள்.

படிப்புக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் சாப்பாட்டுக்கும், தங்குகிற இடத்துக்கும், போட்டோ கொப்பிக்கும் காசு வேண்டும். அதற்காக அரசாங்கம் 'பர்சரி' என்று ஒன்று வைத்திருக்கிறது. குடும்பத்தின் வருட வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் மாதா மாதம் உதவிப்பணம் தருவார்கள். படிக்கிற தம்பி தங்கை இருந்தால் கொஞ்சம் தயவு. வீடு தூரமாயிருந்தால் இன்னும் கொஞ்சம் தயவு. மூக்கன், அம்மாக்கண்ணு இரண்டு பேரின் சம்பளத்தையும் கூட்டினால் அது கோட்டுக்குக் கீழேயிருந்தது மட்டுமல்ல, கோடு எங்கே என்று அண்ணாந்து பார்க்க வேண்டிய பள்ளத்தில் இருந்தது.

எல்லாம் சரி. ஏழை என்று கிராம சேவகர் எழுதி முத்திரை குத்த வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர். லஞ்சம் வாங்காதவர், சிரிக்காதவர். வேறெங்கோ ஒரு கிராம சேவகர் மூன்று லொறி வைத்திருந்தவருக்கு ஏழையென்று எழுதிக் கொடுத்து வேலையை இழந்த நாளிலிருந்து, ஆட்கள் வாய்விட்டுச் சொல்கிற சொத்தையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்துவைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. மூக்கனின் வயல் அந்தக் கொப்பியின் நான்காம் பக்கத்தில் இருந்தது.

"அசையாச் சொத்து எண்டு ஒரு கட்டம் இருக்கு. எந்த நாட்டில எண்டு கேக்கேல்லை. காணி இருந்தால் உறுதிப் பத்திரம் காட்டும். இல்லாட்டி, இல்லையெண்டு ஒரு காகிதம் கொண்டுவாரும்."

"இல்லாத வயலுக்கு ஏதுங்கையா காகிதம்?"

"காகிதம் இல்லாமல் இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய திகதிக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது.

தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து மூக்கன் விசயத்தைச் சொன்னார். அம்மாக்கண்ணு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"பதினாறா? பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட எட்டு ஏக்கர்னுதானே சொன்னீங்க?"

"அது எழுபத்தாறுல."

"அப்பறம்?"

"வருசா வருசம் கூடிப்போச்சு."

நாகலெட்சுமி சிரித்தாள். மூக்கன் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கட்டிக்காத்த இரகசியம் உடைகிறதே என்ற கவலை அவருக்கு.

"அம்மாக்கண்ணு, நெசமா அங்க வயலு ஒண்ணும் இல்ல."

"கல்யாணத்துக்கு மறுநாளே தெரியும்."

"எப்பிடி?"

"பம்புசெட்டு வச்ச வீட்டு மாப்பிள்ளை எங்க அண்ணங்கிட்ட செருப்பு எரவல் வாங்குவாரா?"

"அப்ப ஏன் இத்தன வருசமா கேக்கல?"

"வீட்டுல வேற என்னா இருக்கு? வயலாச்சும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நாகலெட்சுமி விண்ணப்பத்தை எடுத்து மடியாமல் பையில் வைத்தாள். "அப்பா, கடைசி நாளுக்குள்ள சர்ட்டிபிக்கட் வரலேன்னா சொல்லுங்க. கொழும்புல கார்மெண்ட்ஸுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். சித்தி எழுதியிருக்காங்க." புதிதாக வாங்கிய தகரப் பெட்டி மூலையில் இருந்தது. அது பேராதனைக்குப் போவதா, கொழும்புக்குப் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் அதைப் பார்க்காமலே சொன்னாள். மூக்கன்தான் பார்த்தார்.

மறுநாள் அவர் பொன்னையாவிடம் போனார். பொன்னையா அம்மாக்கண்ணுவின் அண்ணன். செருப்பைக் கொடுத்தவர்.

"மச்சான், எனக்கு ஒரு ஒத்தாசை. நான் பொய்யன்னு நாலு பேருகிட்ட கையெழுத்து வாங்கித் தரணும்."

பொன்னையாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "இதைக் கேக்கிறதுக்கு இத்தன வருசமா மச்சான்?"

நான்கு பேர் போதும் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னையா வீட்டு வாசலில் நின்ற வரிசை, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா வரைக்கும் போய் வளைந்து திரும்பியது. சம்பள நாளில்கூட அப்படி ஒரு வரிசை நின்றதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தொழிற்சங்கத் தலைவர்களும் அடுத்தடுத்து நின்று கையெழுத்து வைத்தார்கள். கைநாட்டு மை தீர்ந்தபோது தேயிலைச் சாயத்தைக் காய்ச்சி எடுத்து வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆறு பேர் வந்து, நாங்களும் போடலாமா என்று கேட்டார்கள். விலாசம் வேறு என்று பொன்னையா மனமில்லாமல் திருப்பி அனுப்பினார். கடைசியில் சேர்ந்தது நாற்பத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து அம்மாக்கண்ணுவுடையது.

கையெழுத்தோடு விட்டார்களா? ஆதாரம் வேண்டுமென்று, மூக்கன் இதுவரை அளந்தவற்றின் பட்டியல் ஒன்றையும் பொன்னையா இணைத்தார். பட்டிப்பொல நிலையத்தில் ஓடுகிற ரயிலைத் துண்டைக் காட்டி நிறுத்தியதாகவும், டிரைவர் இறங்கி வந்து தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னது. ஏழாம் நம்பர் மலையில் ஒரு சிறுத்தையைத் திட்டி அனுப்பியதாகச் சொன்னது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாவியை நீட்டியதாகவும், கால்சட்டை போடப் பிடிக்காததால் தான் வேண்டாம் என்றதாகவும் சொன்னது. பட்டியல் மூன்று தாள் வந்தது.

சிவராசா மூன்று தாளையும் வரி விடாமல் வாசித்தார். கீழே தன் கையால் ஒரு வசனம் எழுதி, முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். கார்பன் பிரதி ஒன்றை மூக்கனிடம் கொடுத்தார்.

"இப்ப ஏழைன்னு எழுதிரலாங்களா?"

"பொறும். இதின்படி நீர் சொல்லுறது எல்லாம் பொய்."

"எல்லாமேங்க!" என்றார் மூக்கன், பெருமையாக.

"ஆடிப்பூசையில வயல் இருக்கெண்டு சொன்னனீர். அது பொய்."

"ஆமாங்க."

"போன கிழமை வயல் இல்லையெண்டு சொன்னனீர்."

மூக்கன் தலையாட்டினார்.

"அதுவும் பொய்யெண்டால் வயல் இருக்கெண்டெல்லோ வருது?"

கூட வந்திருந்த பொன்னையா தலையைச் சொறிந்தார். "ஐயா சொல்றது கணக்குப்படி சரிதான் மச்சான்."

"நீ யாரு பக்கம்?"

"நான் கையெழுத்துப் போட்ட பக்கம்."

சிவராசா வேறு வழி சொன்னார். வயல் இருக்கிற ஊரிலிருந்தே ஒருவர் இல்லையென்று எழுதட்டும். பதில் கிராம சேவகர் விலாசத்துக்கு வரட்டும். "பிறகு நீரே எழுதினது எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

மூக்கன் இந்தியாவைப் பார்த்ததில்லை. வந்தவர் அவருடைய தாத்தா. தாத்தாவின் பழைய கடித உறையொன்றில் அழகுமுத்து என்ற ஒன்றுவிட்ட அண்ணனின் பெயரும், முசிறிப் பக்கத்து ஊர் விலாசமும் இருந்தன. உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ. நாகலெட்சுமி எழுதினாள்: 'அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு, எங்களுக்கு அங்கே நிலம் எதுவும் இல்லையென்று தயவுசெய்து ஒரு கடிதம் தரவும். மிகவும் அவசரம்.'

ஒரு கிழமை போயிற்று. மூன்று கிழமை போயிற்று. மூக்கன் காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போவார், மாலையில் தபால் பார்க்கப் போவார். நாலாவது கிழமை சித்தி மறுபடி எழுதினாள்: கார்மெண்ட்ஸில் இடம் நிறைகிறது. நாகலெட்சுமி தகரப் பெட்டியில் இரண்டு உடுப்பை மடித்து வைத்தாள். எந்த ஊருக்கு என்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை.

விண்ணப்பம் அனுப்புகிற கடைசிச் சனிக்கிழமை பதில் வந்தது. பதிவுத் தபால். கிராம சேவகரின் அலுவலகமான கந்தோர் வாசலில் பாதி லயம் கூடி நின்றது. சிவராசா உறையைப் பிரித்து உரக்க வாசித்தார்.

'அன்புள்ள தம்பி மூக்கனுக்கு அழகுமுத்து எழுதுவது. இந்தக் கடிதம் ஒருநாள் வரும் என்று எங்கப்பா சாகும்போதே சொன்னார். நிலம் இல்லையென்று எழுதிக் கேட்டு என்னைச் சோதித்துப் பார்க்கிறாய். புரிந்துகொண்டேன். உன் தாத்தா பங்கு பதினாறு ஏக்கரும் பத்திரமாக இருக்கிறது. கோர்ட்டுக்குப் போக வேண்டாம். கிணற்றில் பம்புசெட் மட்டும் என் செலவில் போட்டது. தென்னை இருநூறில் நான்கு பட்டுப்போய்விட்டன. மன்னிக்கவும்.'

அதற்கு முன் அந்த வாசலில் அவ்வளவு அமைதி வந்தது, ஒரு மாடு உள்ளே புகுந்தபோது மட்டும்தான்.

பொன்னையாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. "மச்சான்... அப்ப அந்தச் சிறுத்தை?"

"பட்டிப்பொல ரயிலு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, வெள்ளைக்காரத் தொரை சாவி குடுத்தாருன்னீங்களே, அந்தச் சாவி இப்ப எங்க?"

பதினொரு பேர் முன்னால் வந்து, தங்கள் கையெழுத்தைத் திருப்பித் தரும்படி சிவராசாவிடம் கேட்டார்கள். ஒரு சங்கத் தலைவர் தன் கையெழுத்தை வாபஸ் வாங்கினார். அதைக் கண்டு மற்றவர், தான் வாங்கப் போவதில்லை என்று அறிவித்தார். யாரோ ஒருவர் மூக்கனுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்தக் கந்தோரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவரும் உட்கார்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எந்தச் சபையிலும் கிடைக்காத மரியாதை, முத்திரை வைத்த உறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ஊரே வாய் பிளந்து நிற்கிறது. பொன்னையா தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

சிவராசா ஒரு தாளில் கணக்குப் போட்டார். பதினாறு ஏக்கர், வருடத்துக்கு இரண்டு போகம், நூற்றுத் தொண்ணூற்றாறு தென்னை. கோட்டுக்குக் கீழே கிடந்த குடும்பம், ஒரு பக்கம் கூட்டி முடிப்பதற்குள் கோட்டைத் தாண்டி எங்கோ மேலே போய்விட்டது. நெல் விலை உயர்ந்தால் வரி கட்ட வேண்டி வரும் போலிருந்தது.

"வாழ்த்துக்கள். உமக்குப் பர்சரி இல்லை," என்றார்.

மூக்கன் மகளைப் பார்த்தார். நாகலெட்சுமி பையிலிருந்த விண்ணப்பத்தை வெளியே எடுத்து, அதன் ஓரத்தில் மடிந்திருந்த நுனியை விரலால் தடவி நேராக்கிக்கொண்டிருந்தாள். இனி எங்கும் அனுப்பத் தேவையில்லாத காகிதத்துக்கு எதற்கு அந்தத் தடவல் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூக்கன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஐயா, அது பொய்யிங்க."

"எது?"

"அந்தக் கடுதாசி. இந்தப் புள்ளைக்குத் தெரியாம நான் தனியா ஒரு கடுதாசி போட்டேன். பதினாறு ஏக்கர் இருக்குன்னு எழுதி அனுப்புங்க, ஒரு தடவையாச்சும் இந்த ஊருல என் பேச்சு மெய்யின்னு வரட்டும்னு. அந்த மனுசன் பாவம், சொன்னபடி எழுதிட்டாரு. தென்னை நாலு கொறைஞ்சதுகூட நான் சொல்லிக் குடுத்ததுதான்."

பொன்னையா பெருமூச்சு விட்டுச் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். "அதானே பார்த்தேன்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நாற்காலி கொண்டுவந்தவர் அதை எடுத்துக்கொண்டு போனார்.

சிவராசா சிரிக்கவில்லை. "பொய்யர் எண்டு சான்றிதழ் உள்ள ஆள், இது பொய்யெண்டு சொல்லுறீர். அப்ப இதை நான் எப்பிடி எடுக்கிறது?" ஒரு கையில் கடிதத்தையும் மறு கையில் சான்றிதழையும் தூக்கிப் பார்த்தார். பேனா இரண்டுக்கும் நடுவில் கிடந்தது. கடைசித் தபால் எடுக்கிற வண்டிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

கடைசியில் அவர் அம்மாக்கண்ணுவைப் பார்த்தார்.

"அம்மா, முதல் கையெழுத்து உங்கட. நீங்கள் சொல்லுங்கோ. வயல் இருக்கோ, இல்லையோ?"

அம்மாக்கண்ணு முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு அது தெரியாதுங்கையா. கட்டிக்கிட்டு வந்து இருபத்திரண்டு வருசம். அந்த வயல்லேருந்து ஒரு படி நெல்லு எங்க காம்பராவுக்கு வந்ததில்ல. தென்னையிலேருந்து ஒரு சிரட்டை வந்ததில்ல. காகிதத்துல வருமானம்னுதானே கேட்டிருக்கு? வருமானம் இல்லீங்க. அதை நான் எந்தக் கோயில்லயும் அடிச்சுச் சொல்லுவேன்."

சிவராசா கடிதத்தைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'காணியிலிருந்து வருமானம் எதுவும் இல்லை' என்று எழுதினார். முத்திரையை ஊதினார். குத்தினார்.

விண்ணப்பத்தை நாகலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, அவர் மூக்கன் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "அந்தப் பட்டியலில இருக்கிற எல்லாப் பொய்யையும் விட இண்டைக்குச் சொன்ன பொய்தான் பெரிசு." அவருடைய உதடு ஒரு பக்கமாக நெளிந்தது. அது சிரிப்புத்தான் என்று மூக்கன் பின்னால் பலரிடம் சொன்னார். யாரும் நம்பவில்லை.

தகரப் பெட்டி பேராதனைக்குப் போயிற்று. பர்சரி கிடைத்தது. எல்லா அரசாங்கக் காசையும் போல அது மெதுவாக நடந்துதான் வந்தது, ஆனாலும் வந்தது. நாகலெட்சுமி பட்டம் வாங்கி, இன்று ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள். அழகுமுத்துவுக்கு மூக்கன் ஒரு பதில் எழுதினார். நிலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பட்டுப்போன நான்கு தென்னைக்குப் பதில் கன்று மட்டும் வையுங்கள் என்று.

அந்த முசிறிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். அது அன்றைக்கே அடுப்பில் போய்விட்டது. கைவசம் இருப்பது, முதலிலேயே நான் சொன்ன அந்த அரசாங்கக் காகிதம் ஒன்றுதான். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கார்பன் பிரதி என்பதால் எழுத்து கொஞ்சம் மங்கல். முத்திரை நன்றாகத் தெரியும். அதில் உள்ளது இவ்வளவுதான்: 'மேற்படி மூக்கன் என்பவரின் வாயிலிருந்து இதுவரை ஓர் உண்மையும் வெளிவந்ததில்லை என நாற்பத்து மூன்று பேர் உறுதி கூறியதை இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்.'

அந்த மூக்கன் நான்தான்.